புறா ஆசனத்தில் இடுப்பு இளகாமல் முழங்கால் வலிக்கிறதா?

கேள்வி இதுதான். கேட்டவருக்கு வயது நாற்பதை நெருங்குகிறது. நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கும் வேலை. இடுப்பு இறுக்கத்துக்கு நல்லது என்று வீடியோ பார்த்து, இரண்டு மாதமாகத் தினமும் காலையில் எழுந்த கையோடு ஏகபாத ராஜகபோதாசனம் செய்கிறார். பேச்சுவழக்கில் புறா ஆசனம். முன்னால் மடக்கி வைக்கும் காலின் கணைக்கால் (முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் இடைப்பட்ட பகுதி), பாயின் முன்விளிம்புக்கு இணையாக இருக்க வேண்டும் என்று வீடியோவில் சொன்னார்களாம். வலது பக்கம் செய்யும்போது பிட்டத்தில் இழுவையே தெரியவில்லை, முழங்காலின் உள்பக்கம் சுருக்கென்று வலிக்கிறது. போகப் போகச் சரியாகிவிடுமா, பல்லைக் கடித்துக்கொண்டு தொடரலாமா என்று கேட்கிறார்.

தொடர வேண்டாம். தரையில் செய்யும் புறா ஆசனத்தை இன்றைக்கே நிறுத்துங்கள். ஆனால் இடுப்பை இளக்கும் முயற்சியை நிறுத்த வேண்டியதில்லை. அதே தசைகளை, முழங்காலில் பாரமே ஏற்றாமல் நீட்ட வழி இருக்கிறது. அதைச் சொல்வதற்கு முன்னால் ஏன் வலிக்கிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். காரணம் புரிந்துவிட்டால், எந்த வீடியோ பார்த்தாலும் எது உங்களுக்கு ஆகும், எது ஆகாது என்று நீங்களே தீர்மானித்துக்கொள்ளலாம்.

தமிழில் 'இடுப்பு' என்ற சொல்லிலேயே ஒரு குழப்பம் இருக்கிறது. இடுப்பைத் தொட்டுக் காட்டச் சொன்னால் பெரும்பாலோர் பெல்ட் கட்டும் இடத்தில் கையை வைப்பார்கள். சிலர் முதுகின் அடிப்பகுதியைத் தொடுவார்கள். இந்த ஆசனம் குறிவைக்கும் இடுப்பு மூட்டு அங்கே இல்லை. உட்கார்ந்தபடி ஒரு தொடையை மேலே தூக்குங்கள். தொடையும் அடிவயிறும் சேரும் இடத்தில் ஒரு மடிப்பு விழுகிறதே, அதற்கு உள்ளே ஆழத்தில் இருக்கிறது அந்த மூட்டு. தொடை எலும்பின் உருண்டையான தலை, இடுப்பெலும்பில் உள்ள கிண்ணம் போன்ற குழியில் பொருந்தியிருக்கிறது. பந்தும் கிண்ணமுமாக இருப்பதால் அது முன்னே, பின்னே, பக்கவாட்டில் போகும். தன் அச்சில் உள்ளேயும் வெளியேயும் திரும்பவும் செய்யும்.

முழங்கால் அப்படிப்பட்டது இல்லை. அது கதவின் கீல் மாதிரி, மடங்கும், நீளும். மடங்கிய நிலையில் கொஞ்சம் திரும்பும், அவ்வளவுதான். பக்கவாட்டில் வளைப்பதற்கு அது படைக்கப்படவில்லை.

புறா ஆசனத்தில் முன்காலை மடக்கி, கணைக்காலைக் குறுக்கே தரையில் கிடத்துகிறோம். அதற்குத் தொடை எலும்பு இடுப்புக் கிண்ணத்துக்குள் நன்றாக வெளிப்பக்கம் திரும்ப வேண்டும். அது திரும்பவில்லை, ஆனாலும் கணைக்காலை வலுக்கட்டாயமாகக் குறுக்கே தள்ளிவிட்டோம், அதன்மேல் உடம்பின் பாரத்தையும் இறக்கிவிட்டோம் என்றால், மிச்சத் திருப்பத்தை முழங்கால்தான் கொடுத்தாக வேண்டும். அப்போது முழங்காலின் வெளிப்பக்கம் பிளந்துகொள்ளும், உள்பக்கம் நசுங்கும். முழங்காலின் இரு பக்கமும் உள்ள மெனிஸ்கஸ் என்ற பிறை வடிவக் குருத்தெலும்புகளில் ஒன்று அந்த உள்பக்கத்தில் இருக்கிறது. உங்களுக்குச் சுருக்கென்று வலிப்பது அந்த இடத்தில்தான். பிட்டத்தில் இழுவை தெரியாததற்கும் காரணம் இதுவே. போக வேண்டிய விசை அங்கே போய்ச் சேரவே இல்லை.

இதை நான் என் முழங்காலில் அனுபவித்தவன். பயிற்சி தொடங்கிய புதிதில், என் கணைக்கால் சாய்வாக இருக்கிறது என்று சொல்லிக் கற்றுக்கொடுத்தவர் பாதத்தை முன்னால் இழுத்து வைத்துவிட்டு, இடுப்பின்மேல் கையை வைத்து அழுத்தினார். உள்ளே 'டப்' என்று சின்னதாக ஒரு சத்தம். அன்று பெரிதாக வலிக்கக்கூட இல்லை. மறுநாள் காலையில் மாடிப்படி இறங்கும்போதுதான் தெரிந்தது. அதற்குப் பிறகு நான்கு மாதம் சம்மணம் போட்டு உட்கார முடியவில்லை. தசைப்பிடிப்பு சில நாளில் விட்டுப்போகும், மூட்டுக் காயம் அப்படிப் போகாது. அதனால்தான் இந்த விஷயத்தில் நான் கறாராக இருக்கிறேன்.

கணைக்கால் இணையாக இருக்க வேண்டும் என்ற விதியை மறந்துவிடுங்கள். எல்லோருடைய எலும்பும் ஒரே வார்ப்பில் வந்ததில்லை. இடுப்புக் கிண்ணம் சிலருக்கு ஆழமாக இருக்கும், சிலருக்கு ஆழம் குறைவு. தொடை எலும்பின் கழுத்து முன்பக்கமாக முறுகியிருக்கும் அளவும் ஆளுக்கு ஆள் மாறும். பெரியவர்களுக்குச் சராசரியாக 15 டிகிரி அளவில் இருக்கும். அதைவிட அதிகமாக இருப்பவர்களுக்குத் தொடை உள்பக்கம் தாராளமாகத் திரும்பும், வெளிப்பக்கம் சீக்கிரமே நின்றுவிடும். சின்ன வயதில் இரண்டு பாதங்களையும் பின்னால் பக்கத்துக்கு ஒன்றாக விரித்துப்போட்டு, நடுவில் பிட்டத்தைத் தரையில் வைத்துச் சுலபமாக உட்கார்ந்தவர்களில் பலர் இந்த வகைதான். அவர்கள் எத்தனை வருடம் முயன்றாலும் கணைக்காலை இணையாக வைக்க முடியாமல் போகலாம். அதில் குறை ஒன்றும் இல்லை. தசையை நீட்டலாம், எலும்பை நீட்ட முடியாது.

உங்கள் இடுப்பு எவ்வளவு திரும்பும் என்று தெரிந்துகொள்ள ஒரு நாற்காலி போதும். பாதங்கள் தரையில் படும்படி நிமிர்ந்து உட்காருங்கள். வலது கணுக்காலை இடது தொடையின்மேல், முழங்காலுக்குச் சற்று மேலே வையுங்கள். கையால் அழுத்தாமல் வலது முழங்கால் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். கணைக்கால் ஏறத்தாழ தரைக்குச் சமமாகக் கிடந்தால் தரையில் புறா ஆசனம் முயன்று பார்க்கலாம். முழங்கால் மேல்நோக்கி நிமிர்ந்து நின்றால், தரை உங்களுக்கு இப்போதைக்கு இல்லை. அப்புறம் அதே நிலையில் முதுகை வளைக்காமல் கொஞ்சம் முன்னால் சாயுங்கள். பிட்டத்தின் வெளிப்பக்கம் ரப்பர் மாதிரி ஓர் இழுவை வந்தால் நல்லது, அது தசை. இழுவையே இல்லாமல் ஏதோ முட்டிக்கொண்டு நிற்பது போலவோ, தொடை மடிப்பில் கிள்ளுவது போலவோ இருந்தால் அது மூட்டின் எல்லை. அதைத் தாண்டித் தள்ளக் கூடாது. இடது பக்கமும் பாருங்கள். இரண்டு பக்கமும் ஒரே அளவில் இருப்பது அபூர்வம்.

சரி, இப்போது செய்ய வேண்டியது. மல்லாந்து படுத்து இரண்டு முழங்கால்களையும் மடக்கி, பாதங்களைத் தரையில் வையுங்கள். வலது கணுக்காலை இடது தொடையின்மேல் போடுங்கள். மேலிருந்து பார்த்தால் கால்கள் 4 என்ற எண்ணின் வடிவத்தில் தெரியும். வலது பாதத்தைத் தளரவிடாமல், விரல்களை முழங்காலை நோக்கி இழுத்துப் பிடியுங்கள். பாதம் தொய்ந்தால் கணுக்கால் மடிந்து, அந்த முறுக்கு முழங்கால் வரை ஏறும். இனி இடது பாதத்தைத் தரையிலிருந்து எடுத்து, இடது தொடையின் பின்பக்கம் இரண்டு கைகளையும் கோத்து, மெதுவாக மார்பை நோக்கி இழுங்கள். கை எட்டவில்லை என்றால் ஒரு துண்டைத் தொடைக்குப் பின்னால் போட்டு அதன் இரு முனைகளையும் பிடித்துக்கொள்ளுங்கள். தாடை மேலே தூக்கிக்கொண்டால் தலைக்கு அடியில் ஒரு மடித்த துணி.

இதைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். புறா ஆசனத்தில் முன்காலுக்குக் கிடைக்க வேண்டிய அதே நீட்சி இதில் கிடைக்கிறது, முழங்காலின்மேல் உடம்புப் பாரம் துளியும் இல்லை. எவ்வளவு இழுப்பது என்பது உங்கள் கையில் இருக்கிறது, விட்டால் அந்த நொடியே தளர்ந்துவிடும். என்னிடம் கேட்டால், இடுப்பு இறுகியவர்களில் பெரும்பாலோருக்கு இது ஒன்றே போதும். தரையில் செய்யும் வடிவம் படத்தில் அழகாக இருக்கிறது என்பதற்காக அதற்குப் போக வேண்டியதில்லை.

காலையில் எழுந்த கையோடு செய்கிறேன் என்கிறீர்கள், அதையும் மாற்றுங்கள். இரவு முழுக்க அசையாமல் கிடந்த உடம்பு விறைப்பாக இருக்கும். ஐந்து முதல் பத்து நிமிடம் நடந்து உடம்பு சூடேறிய பிறகு செய்யுங்கள், மாலையில் செய்தால் இன்னும் நல்லது. எவ்வளவு நேரம் என்பதற்கு அமெரிக்கன் காலேஜ் ஆஃப் ஸ்போர்ட்ஸ் மெடிசின் தரும் அளவு எளிமையானது: ஒரு நீட்சியை 10 முதல் 30 வினாடி, வயதானவர்களானால் 30 முதல் 60 வினாடி, இரண்டு முதல் நான்கு முறை செய்து மொத்தம் ஒரு நிமிடம் வரும்படி, வாரத்துக்குக் குறைந்தது இரண்டு மூன்று நாள். ஐந்து நிமிடம் அசையாமல் கிடக்கும் முறைகளும் உண்டு. முழங்கால் நோகும் ஒருவர் அங்கிருந்து தொடங்கக் கூடாது.

வலியைப் பற்றி ஒரு வார்த்தை. 'நல்ல வலி, கெட்ட வலி' என்று பிரித்துச் சொல்வதை விட, எங்கே வலிக்கிறது என்று பார்ப்பது மேல். பிட்டத்தின் சதைப்பிடிப்பான நடுப்பகுதியில் அகலமாக, மந்தமாக ஓர் இழுவை தெரிந்தால் மூச்சைச் சீராக விட்டபடி இருக்கலாம். முழங்காலில் எந்த வலி வந்தாலும், எவ்வளவு சிறியதாக இருந்தாலும், வெளியே வந்துவிடுங்கள். தொடை மடிப்பில் முன்பக்கம் கிள்ளினால் இடுப்புக் கிண்ணத்தின் விளிம்பு நசுங்குகிறது என்று பொருள் கொள்ளலாம், அதுவும் நிறுத்த வேண்டிய இடம். உட்காரும் எலும்பின் மேல் ஒரே புள்ளியில் குத்தினால், தொடையின் பின்தசை எலும்போடு ஒட்டும் நாணில் இழுவை விழுகிறது. முன்னால் குனிவதைக் குறைத்தால் அது அடங்கும்.

காலில் மின்சாரம் பாய்ந்த மாதிரியோ, எறும்பு ஊர்வது போலவோ, மரத்துப்போவது போலவோ இருந்தால் அது நரம்பு. உடம்பிலேயே தடிமனான நரம்பான சயாட்டிக் நரம்பு, பிட்டத்தின் ஆழத்தில் பிரிஃபார்மிஸ் என்ற சிறிய தசைக்கு அடியில் ஓடுகிறது. சிலருக்கு அந்தத் தசையை ஊடுருவியே போகிறது. தசையை நீட்டும்போது நரம்பும் அழுந்தலாம், இழுபடலாம். தசை இழுவையைத் தாங்கும், நரம்பு எரிச்சலடையும். அதனால் மரத்துப்போகும்வரை காத்திருக்க வேண்டாம்.

இடுப்பில் பழைய துக்கமெல்லாம் தேங்கியிருக்கிறது, வலியைத் தாண்டினால் அது கரைந்து வெளியேறும் என்று சொல்பவர்கள் உண்டு. அமைதியாக மூச்சைக் கவனித்துக் கிடக்கும்போது கண் கலங்குவதுண்டு, நானும் பார்த்திருக்கிறேன். அதற்காக மூட்டு வலியைப் பொறுத்துக்கொள்ளச் சொல்லும் எவர் பேச்சையும் கேட்காதீர்கள்.

அடுத்து, நாள் முழுக்க உட்கார்ந்திருப்பதைப் பற்றி. நாற்காலியில் பல மணி நேரம் இருக்கும்போது இடுப்பின் முன்பக்கத் தசைகள் சுருங்கிய நிலையிலேயே இருக்கின்றன, பிட்டத் தசைகளுக்கு வேலையே இல்லை. உங்களுக்குத் தோன்றும் இறுக்கத்தில் பாதி, நீளம் குறைந்ததால் வந்ததாக இல்லாமல் பலம் குறைந்ததால் வந்ததாகவும் இருக்கலாம். பலமில்லாத தசை, பாதுகாப்புக்காகத் தன்னைத் தானே இறுக்கிப் பிடித்துக்கொள்ளலாம். அப்படியானால் எவ்வளவு நீட்டினாலும் மறுநாள் பழையபடியே இருக்கும். அதனால் நீட்சியோடு சேதுபந்தாசனத்தையும் செய்யுங்கள்: மல்லாந்து படுத்து, முழங்கால் மடக்கி, பிட்டத்தை இறுக்கி இடுப்பை உயர்த்தி ஐந்து மூச்சு நிறுத்தி இறக்குவது, எட்டுப் பத்து முறை. பிறகு ஒருக்களித்துப் படுத்து, முழங்கால்களை மடக்கி, குதிகால்களைப் பிரிக்காமல் மேல் முழங்காலை மட்டும் சிப்பி திறப்பது போலத் திறந்து மூடுங்கள். இதை ஒரு மாதம் செய்தவர்கள், இறுக்கம் குறைந்ததற்கு எது காரணம் என்று தெரியாமல் நீட்சிக்கு நன்றி சொல்வதை அடிக்கடி பார்க்கிறேன்.

இதற்கு நேர்மாறான ஆட்களும் இருக்கிறார்கள். முதல் நாளே தரையோடு தரையாகப் படிந்துவிடுவார்கள். எல்லோரும் ஆகா என்பார்கள். மூட்டுகள் இயல்பாகவே தளர்வாக உள்ள இவர்கள் தசையை நீட்டுவதில்லை, மூட்டைக் கட்டிப்பிடித்திருக்கும் இணைப்பு நார்களில் தொங்குகிறார்கள். அந்த நார் ஒருமுறை தளர்ந்தால் எளிதில் மறுபடி இறுகாது. இவர்கள் போகக்கூடிய ஆழத்தில் முக்கால் பங்கோடு நின்று, முன்கணைக்காலால் தரையை அழுத்தித் தசையை வேலை வாங்க வேண்டும். கர்ப்பிணிகளுக்கும் இது பொருந்தும். அந்தக் காலத்தில் சுரக்கும் ஹார்மோன்களால் இடுப்பு வளையத்தின் மூட்டுகள் இளகியிருக்கும். ஆழமாகப் போனால் முதுகின் அடிப்பகுதியில் வலி பிடித்துக்கொள்ளும். இடுப்பு மூட்டு மாற்று அறுவை செய்துகொண்டவர்கள், மெனிஸ்கஸ் கிழிந்தவர்கள், எலும்பு அடர்த்தி மிகவும் குறைந்தவர்கள் தங்கள் மருத்துவரையோ பிசியோதெரபிஸ்டையோ கேட்காமல் இந்த வகை ஆசனங்கள் பக்கமே வரக் கூடாது.

உங்கள் முழங்காலில் வீக்கம் இருந்தால், நடக்கும்போது சிக்கிக்கொண்டு நீட்ட முடியாமல் போனால், அல்லது ஆசனத்தை நிறுத்தி இரண்டு மூன்று வாரம் ஆகியும் வலி குறையவில்லை என்றால், நேரில் காட்டிவிடுங்கள். எழுத்தில் பதில் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை அது.

முழங்கால் முற்றிலும் அடங்கி, நாற்காலிச் சோதனையில் கணைக்காலும் கீழே இறங்கியிருந்தால், தரைக்குத் திரும்பலாம். நேராகத் தரைக்குப் போகாமல் இடையில் ஒரு படி வையுங்கள். தொடை உயரமுள்ள கட்டிலோ உறுதியான மேசையோ இருந்தால், அதன்மேல் வலது கணைக்காலைக் குறுக்கே கிடத்தி, இடது காலில் நின்றபடி, இரண்டு கைகளையும் ஊன்றி மெல்ல முன்னால் சாயுங்கள். முழங்காலுக்கு அடியில் இடைவெளி தெரிந்தால் தலையணை வையுங்கள். பாரம் பெரும்பாலும் நிற்கும் காலிலும் கைகளிலும் இருப்பதால், வேண்டிய அளவு மட்டும் இறக்கிக்கொள்ளலாம்.

தரையில் செய்யும்போது கைகளையும் முழங்கால்களையும் ஊன்றித் தொடங்குங்கள். வலது முழங்காலை வலது மணிக்கட்டுக்குப் பின்னால், சற்று வெளியே தள்ளி வையுங்கள். பாதம் இடது தொடை மடிப்புக்கு அருகில் வரட்டும், கணைக்கால் சாய்வாகவே கிடக்கட்டும். முழங்காலை அதிகம் மடக்கினால் வலிக்கும் சிலருக்குப் பாதத்தை ஒரு கை அகலம் முன்னால் தள்ளுவது இதமாக இருக்கும், அதைச் செய்து பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். இடது காலைப் பின்னால் நீட்டி, தொடையின் முன்பக்கம் தரையைப் பார்க்கும்படி வையுங்கள். இப்போது கைகளில் பாரத்தை வைத்துக்கொண்டே இடுப்பை இறக்குங்கள். வலது பிட்டம் தானாக எந்த உயரத்தில் நிற்கிறதோ அங்கே நிறுத்துங்கள். அதற்கு அடியில் உள்ள இடைவெளியில் கையை நுழைத்துப் பாருங்கள். உள்ளங்கை படுத்த வாக்கில் நுழைந்தால் ஒரு மடிப்புப் போர்வை போதும், முஷ்டியே நுழைந்தால் கெட்டியாக நான்கு மடிப்பு. போர்வையை அங்கே அடைத்துவிட்டு அதன்மேல் பாரத்தை விடுங்கள். அடைக்காமல் விட்டால் இடுப்பு வலப்பக்கம் சரியும், நீட்சி கலைந்துபோகும், முதுகும் முறுகும். போர்வை வைத்து நிமிர்ந்து உட்கார்ந்த அந்த நொடியில் பலர் முதல் தடவையாகப் பிட்டத்தில் இழுவையை உணர்கிறார்கள். முன்னால் குனிவது அதற்கப்புறம்தான், தேவைப்பட்டால் மட்டும்.

வெளியே வரும்போதும் கவனம் வேண்டும். அப்படியே பக்கவாட்டில் உருண்டு எழுந்தால் மடங்கிய முழங்காலின்மேல் முழு உடம்பும் முறுகும். கைகளை ஊன்றி, பின்கால் விரல்களை மடக்கிக் குத்தி, முதலில் இடுப்பை நேராக மேலே தூக்குங்கள். பாரம் முழுதும் நீங்கிய பிறகு முன்காலைப் பின்னால் இழுத்துக்கொள்ளுங்கள்.

திரும்பிய முதல் நாளில் பக்கத்துக்கு ஐந்து மூச்சு மட்டும் இருங்கள். நன்றாக இருக்கிறதே என்று நீட்டிக்க வேண்டாம். மறுநாள் காலையில் மாடிப்படி இறங்கும்போது வலது முழங்கால் என்ன சொல்கிறது என்று பாருங்கள். ஒன்றுமே தெரியவில்லை என்றால் அடுத்த முறை எட்டு மூச்சு. உள்பக்கம் லேசாக உறுத்தினால்கூடக் கட்டில் நிலைக்குத் திரும்பி, இரண்டு வாரம் கழித்து மறுபடி முயலுங்கள்.